பேராதனைக்கு வந்த மத்தளமும் நாவலப்பிட்டியில் ஒலித்த தப்பும்

"பேராதனையில் நடந்த இசை விழாக்கள் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை தாருங்கள். நீங்கள்தானே அங்கே படித்தவர்கள்" என்று மலர்க்குழுவினர் கேட்டபோது நாம் உடனே சம்மதித்துவிட்டோம். எங்கள் வகுப்பிலிருந்து பேராதனைக்குப் போனவர்கள் சிலர் சேர்ந்து நினைவுகளைத் திரட்டினோம். எழுதும் கை மட்டும் ஒரு வைத்தியருடையது. அந்தக் கையெழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்து தந்த தங்கைக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறோம்.

இசை விழா என்றதும் எங்கள் மனத்தில் வந்தது ஒரே காட்சிதான். விரிப்பு போட்ட மேடை, நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம், பின்னால் தம்புரா, இந்தியாவிலிருந்து வந்த வித்துவானுக்கு ஒரு பொன்னாடை. பாடசாலை மண்டபத்தின் பின்னறையில் உறை போட்டு வைத்திருந்த வீணையைத் தொடுவதற்கே கைகழுவி வரவேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் புரட்டி, எங்களுக்கு மூத்த தலைமுறையினரிடமும் கேட்டுப் பார்த்தபோது, பேராதனைக்கு வெளியூரிலிருந்து கலைஞர்கள் வந்து நாடே திரும்பிப் பார்த்த பருவம் ஒரு கச்சேரிப் பருவம் அன்று என்பது தெரிந்தது. அது கூத்துப் பருவம். வந்தவர் கையில் இருந்தது மிருதங்கம் அல்ல, மத்தளம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. பத்து ஆண்டுகளின் பின் 1952இல் அதன் பெரும்பகுதி மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதே மகாவலிதான் எங்கள் ஊரையும் தொட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆற்றுக்குத் துணையாகப் புகையிரதப் பாதையும் உண்டு. 1874இல் நாவலப்பிட்டி வரை கோச்சி வந்தது. அது அட்டனை எட்டுவதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. அதுவரை மலையேறும் பாதையின் கடைசி நிலையம் எங்களுடையதுதான். உயர்தரம் சித்தியடைந்த எங்கள் பிள்ளைகள் ஒரு சூட்கேசுடன் அந்த மேடையில் ஏறி, உலப்பனை, கம்பளை, கெலிஓயா எல்லாம் தாண்டி, சரசவி உயனவில் இறங்கினால் பல்கலைக்கழகம். அந்த மரநிழல் வீதிகளில் முதல் நாள் நடந்தபோது எங்கள் கால்கள் நடுங்கியதை இன்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

அங்கே 1950களின் நடுவில் இரண்டு பேராசிரியர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு இருந்தார்கள். இந்த நாட்டின் நாடகம் எங்கே இருக்கிறது? ஒருவர் எதிரிவீர சரச்சந்திர. மறைந்துகொண்டிருந்த சிங்கள நாடகம் என்னும் வடிவத்தைத் தேடிப் போய், அம்மரபில் ஊறிய சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை அழைத்து வந்து, மாணவர்களைப் பாடவும் ஆடவும் பழக்கி, 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். சிங்கள நாடகத்துக்கு மூலம் தமிழ்க் கூத்து என்பதை அவரே தம் ஆய்வில் எழுதியிருக்கிறார். 1961இல் அவருடைய 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஆடப்பட்டது. இன்று அந்த அரங்கு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

மற்றவர் சு. வித்தியானந்தன். 1924இல் பிறந்தவர், பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், 'தமிழர் சால்பு' எழுதியவர். சங்க இலக்கியத்தோடு தம் வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்று, மட்டக்களப்பு, மன்னார் என்று ஊர் ஊராகப் போய், இரவெல்லாம் கூத்துப் பார்த்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பின் 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும், மன்னாரின் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும் வெளிவந்தன. 1956இன் மொழிச் சட்டமும் 1958இன் கலவரமும் நடந்து முடிந்திருந்த காலம் அது. எங்களுக்கென்று என்ன இருக்கிறது என்று தமிழ் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் ஊர்க் களரியைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் அவர் விடையாக இருந்தது.

வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்தது இப்படித்தான்.

அண்ணாவியார் என்றால் யார் என்று வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கும். கூத்தைப் பழக்குபவர், இயக்குபவர், மத்தளம் அடிப்பவர், பாடுபவர் எல்லாம் அவர் ஒருவரே. கிராமத்தில் கூத்துப் பழகத் தொடங்கினால் மாதக்கணக்கில் போகும். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்துச் சட்டம் கொடுப்பது ஒரு நாள், சதங்கை அணிவது ஒரு நாள், பிறகு அரங்கேற்றம். வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். சல்லரி அடிப்பவரும் பிற்பாட்டுக்காரரும் கொப்பி பார்ப்பவரும் கூட நிற்பார்கள். கூத்தர் வரவு ஆடி வந்து, தன் தாளக்கட்டுக்கு ஆடி முடித்து, பிறகுதான் தருவைப் பாடத் தொடங்குவார். அரசனுக்கு ஒரு வரவு, அரசிக்கு இன்னொன்று, தூதுவனுக்கு வேறு. தாளம் மாறினால் பாத்திரம் மாறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டிருக்கும் கிழவிக்கும் தெரியும். வடமோடியில் போர், தென்மோடியில் காதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொழுது சாய்ந்து தொடங்கினால் விடியத்தான் முடியும்.

இவ்வளவு இலக்கணம் உள்ள ஒன்றைச் சாஸ்திரீயக் கலை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? கச்சேரியில் தனியாவர்த்தனத்துக்குத் தலையாட்டுகிறவர்கள் மத்தளத்தின் கணக்கை 'நாட்டார் கலை' என்று ஒரு படி கீழே வைத்தார்கள். அப்படி வைத்தவர்களில் நாமும் இருந்தோம். வித்தியானந்தன் செய்த பெரிய காரியம், அந்தப் படியை ஒரே தாவலில் தாண்டியதுதான். படித்த பட்டணத்தார் கூத்தைத் தேடிக் கிராமத்துக்குப் போகமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே கூத்தைப் பட்டணத்து மண்டபத்துக்குள் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடுவதை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினார். வட்டக்களரியில் நாலு பக்கமும் பார்த்து ஆடியதை, முன்னால் மட்டும் சபையுள்ள படச்சட்ட மேடைக்கு ஏற்ப மாற்றினார். பாட்டு காதில் விழவேண்டும், ஆட்டம் கண்ணுக்கு எடுபடவேண்டும், பாத்திரத்துக்கு முகபாவம் வேண்டும் என்று திருத்தினார்.

'கர்ணன் போர்' 1962இல் வந்தது. 'நொண்டி நாடகம்' 1963இல். 'இராவணேசன்' 1964இல். பின்னர் 'வாலி வதை'. இந்தக் கூத்துக்கள் பேராதனையோடு நிற்காமல் நாட்டின் பல ஊர்களிலும் மேடையேறின. 'இராவணேசனில்' இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். அந்தக் கூத்தைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவர் மீள உருவாக்கினார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? வந்தாறுமூலை. அண்ணாவியாரைப் பல்கலைக்கழகம் தன்னிடம் அழைத்தது ஒரு காலம். கால் நூற்றாண்டுக்குள் ஒரு பல்கலைக்கழகமே அவருடைய ஊரில் எழுந்தது.

பெண்கள் பாடசாலையின் மலர் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். கிராமத்துக் களரியில் பெண் வேடம் கட்டுவது ஆண்கள். பேராதனையில் அந்த வேடங்களை மாணவிகளே ஏற்று ஆடினார்கள். 1960களில், பல்கலைக்கழகத்துக்கு மகளை அனுப்பியதையே ஊரில் நாலு பேர் கேள்வி கேட்ட காலத்தில், அவர்கள் சதங்கை கட்டி மேடையில் நின்றார்கள். எங்கள் நாளில் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் 'ஆட்டம்' என்று நிகழ்ச்சிநிரலில் போட முடியாமல் 'நடனம்' என்று திருத்தியது ஞாபகம் வருகிறது. பரதம் என்றால் சரி, காவடி என்றால் கோயில் விழாவோடு சரி.

கர்நாடக இசையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரிக்குத் தமிழ்நாட்டிலிருந்து பெரிய வித்துவான்கள் வந்து தங்கிக் கற்பித்தார்கள். மகாராஜபுரம் சந்தானம் அங்கே ஐந்து ஆண்டுகள் அதிபராக இருந்தார். ஒரு வித்துவான் வந்து ஒரு கச்சேரி செய்துவிட்டுக் கப்பலேறினால் மிஞ்சுவது புகைப்படம். தங்கிக் கற்பித்தால் மிஞ்சுவது ஆசிரியைகள். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் நாடெங்கும் பாடசாலைகளுக்குச் சங்கீத ஆசிரியைகளாகப் போனார்கள். எங்களுக்கு வீணை தொடக் கற்றுத்தந்த டீச்சரும் வடக்கிலிருந்து வந்தவர்தான். மாரி மழையில் எங்கள் ஊர் ஊறிக் கிடக்கும்போது, "இந்த ஈரத்துக்கு வீணை சுருதி நிக்காது பிள்ளையள்" என்று அவர் முறுக்காணியைத் திருகியபடி இருப்பார். வடஇலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு எங்களைத் தயார்ப்படுத்தியதும் அவர்தான். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதும்போது எங்களை உறுத்திய விடயம் வேறு.

பேராதனைக்கு மட்டக்களப்பு மத்தளம் வந்தது. மருதனார்மடத்துக்குத் தமிழ்நாட்டுத் தம்புரா வந்தது. எங்கள் பாடசாலை மதிலுக்கு வெளியே, மேலே தெரியும் தேயிலை மலைகளில், யாரும் அழைக்காமலே ஒரு கூத்து ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டியவர்கள் விரதம் இருப்பார்கள். ஒவ்வொரு இரவும் தப்பு முழங்கும். மதனும் ரதியும் ஆடுவார்கள், இருவருமே ஆண்கள்தான். கடைசியில் சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்துபோவான், ரதி புலம்புவாள். பகல் முழுவதும் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் லயத்து வாசலில் குந்தியிருந்து, தங்கள் துக்கத்தையும் அந்தப் புலம்பலோடு சேர்த்து அழுவார்கள். இந்த மக்களின் பாட்டனார்கள் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்குமாக நடந்து வந்தபோது மூட்டையோடு கொண்டுவந்த கலை இது. வித்துவான்களுக்கெல்லாம் முந்தி இந்த ஊருக்கு வந்த இசைக்காரர்கள் அவர்கள்தான். அவர்களை வித்துவான்கள் என்று எவரும் சொல்லவில்லை.

'இராவணேசன்' மேடையேறிய 1964ஆம் ஆண்டில்தான், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1948இல் பறிபோன குடியுரிமையின் கணக்கு இப்படித் தீர்க்கப்பட்டது. கீழே பேராதனையில் ஒரு தமிழ்க் கலைக்கு மகுடம் சூட்டப்பட்ட அதே நாட்களில், மேலே அதே தமிழ் பேசிய இன்னொரு கலையின் சொந்தக்காரர்களைத் தலை எண்ணிப் பங்குபோட்டார்கள். இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு மணி நேரக் கோச்சிப் பயணம்.

எழுபதுகளில் தலைமன்னாருக்குப் போக மலையிலிருந்து இறங்கிய கோச்சியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அது எங்கள் ஊர் நிலையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தக் காலத்து வரவு இடாப்புக்களை மலர் வேலைக்காக நாம் புரட்டினோம். சில பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் 'இந்தியா' என்று ஒரே சொல். அந்த அக்காமாரில் யாரேனும் திருச்சியிலோ நீலகிரியிலோ இந்த மலரை வாசிக்க நேர்ந்தால், அந்தக் கோட்டை நாம் பார்த்தோம் என்று மட்டும் அறிந்துகொள்ளுங்கள். போனவர்களோடு தப்பும் போயிற்று, பாட்டும் போயிற்று. மிஞ்சியதில் சிலவற்றை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். தோட்டப் பள்ளிகளிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்த தோழிகளுக்கு அந்தப் பாட்டுக்கள் மனப்பாடம். இடைவேளையில் மேசையில் தட்டி இரகசியமாகப் பாடுவார்கள். ஒரு நாள் பிடிபட்டபோது "இது லயத்துச் சத்தம், மண்டபத்துக்கு ஆகாது" என்று கண்டிக்கப்பட்டார்கள். கண்டித்தவரை இங்கே பெயர் சொல்லிக் குறைசொல்லப் போவதில்லை. பக்கத்து வாங்கில் இருந்த நாமும் அன்று சிரித்தோம்.

1983இன் பின் பேராதனையில் தமிழ் மாணவர் வாழ்வே உடைந்துபோயிற்று. ஜூலைக்கு முன்னர், மே மாதத்திலேயே, அங்கே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போன வித்தியானந்தன் 1989 ஜனவரியில் காலமானார். நாம் மருத்துவ பீடத்துக்கும் கலைப் பீடத்துக்கும் போய்ச் சேர்ந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் வடக்கிலிருந்து கலைஞர்கள் மறுபடி வரலானார்கள். குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறும் குன்றில் நின்றால் நாதஸ்வரம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். உடலமைப்பியல் புத்தகத்தை மடியில் வைத்தபடி அதைக் கேட்ட மாலைகள் உண்டு. திறந்தவெளி அரங்கின் மரத்தடியில், புல்லில் பத்திரிகைத் தாளை விரித்துக்கொண்டு, சிங்களத் தோழிகளோடு 'சிங்கபாகு'வும் பார்த்தோம். தகப்பனைக் கொல்லும் மகனின் கதைக்கு எல்லோரும் அழுதார்கள். பாட்டு எங்கள் ஊர்க் கூத்துப் போலவே இருக்கிறதே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அதற்கு அப்போது எவருக்கும் விளக்கம் தெரியவில்லை. இப்போது தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் கிளினிக்கில் ஒரு ஐயா வந்தார். முழங்கால் நோவு, எண்பதை நெருங்கும் வயது, தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். "படி ஏறும்போது நோகுதா, இறங்கும்போதா ஐயா?" என்று கேட்டோம். "ஆடும்போது நோவலீங்கம்மா, நின்ன பொறகுதான் நோவுது" என்றார். முப்பது ஆண்டுகள் ரதி வேடம் கட்டியவராம். எழுபதுகளில் மதன் வேடக்காரர் இந்தியாவுக்குப் போய்விட்டார். ஒரு வருடம் மதன் இல்லாமலே கம்பத்தைச் சுற்றி இவர் தனியே ஆடினாராம். "மதன் எரிஞ்சுட்டான்னு நெனச்சுக்கிட்டேன், அம்புட்டுத்தான்." வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிடத் தாமதமாயிற்று, தாதி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

அந்த ஐயாதான் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் மண்டபத்துக்கு வருகிறார். நூற்றாண்டு விழா மாலையில் வீணைக் கச்சேரிக்குப் பின் முப்பது நிமிடம் காமன்கூத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று பழைய மாணவியர் சங்கத்தின் கூட்டத்தில் நாம் கேட்டோம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சமயச் சடங்கை மேடையில் ஆடலாமா என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். பெரியவரிடமே கேட்டோம். கம்பம் ஊன்றாமல், காப்புக் கட்டாமல், பாட்டையும் அடவையும் மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்றார். பெண் பிள்ளைகள் ரதியாக ஆடலாமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரதி பொம்பளதானே" என்றார்.

தரம் பத்திலிருந்து பதினொரு பிள்ளைகள் பழகுகிறார்கள். தப்பை நெருப்பில் காய்ச்ச வேண்டியிருப்பதால், மழை விடும் நேரம் பார்த்து, மண்டபத்தின் பின்னால் பழைய வீணை அறைக்கு வெளியே தீ மூட்டுகிறோம். பாட்டில் இரண்டு இடங்கள் பெரியவருக்கு மறந்துவிட்டன. அந்தக் காலத்துக் கொப்பியோ, பாட்டியின் வாய்ப்பாட்டோ வீட்டில் இருக்கும் சகோதரிகள் விழாவுக்கு முந்திய வாரத்துக்குள் பாடசாலை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.